பெட்டியுள் புதைத்த சங்கிலி

மிசன் என்பது ஏகாதிபத்தியத்தின் முன்னோடிப் படை என்று பல ஆண்டுகளாக மாணவருக்குக் கூறி வந்தோம். அக்கூற்றை இன்னும் முற்றாகக் கைவிட்டோமில்லை. எனினும், ஜமேக்காத் தீவின் வடகரையிலுள்ள பால்மத் என்னும் சிறு பட்டினத்துப் பப்டிஸ்ற் சபையின் வரலாற்றைப் படித்தபின், அதனைப் பழைய உறுதியோடு கூற நமக்கு நா எழவில்லை.

அச்சபையினருட் பெரும்பாலோர் கரும்புத் தோட்டத்து அடிமைகள். அத்தீவில் அம்மதத்தை முதலிற் பிரசங்கித்தவரும் வெள்ளையரல்லர். அமெரிக்காவில் அடிமையாயிருந்து விடுதலை பெற்று, 1783 அளவில் கிங்ஸ்ரனுக்கு வந்த ஜோர்ஜ் லைல் என்பவரே. ஆங்கில மிசனரிமார் 1814இலேதான் வந்தனர்.

1831 நத்தாரின்போது, அயலிலுள்ள மொன்ரிகோ பேயிற் சபைத் தொண்டராயிருந்த அடிமை சாமுவேல் சார்ப், கூலியின்றி இனி வேலை செய்வதில்லை என்று தோழரிடம் சத்தியம் வாங்கினார். வேலைநிறுத்தம் என்பதன்றி இதற்கு வேறு பெயருண்டோ! அது கிளர்ச்சியாக மூண்டது. முந்நூறுக்கு மேற்பட்டோர் மரணதண்டனை பெற்றனர். சார்ப் 1832 மே 23இல் தூக்கிலிடப்பட்டார். பால்மத் ஆலயத்தைப் பாசறையாக வைத்திருந்த வெள்ளையரின் குடிப்படையினர், புறப்படும்போது அதனை இடித்து நொறுக்கினர். அவ்வாலயப் போதகர் வில்லியம் நிப் இங்கிலாந்து சென்று, பாராளுமன்றக் குழுக்களின் முன் சாட்சியமளித்தார்.

1833ஆம் ஆண்டுச் சட்டம் 2 கோடி பவுணை நட்டஈடாக ஒதுக்கிற்று, அடிமைகளுக்கன்று, உடைமையாளருக்கு! 1838 யூலை 31 இரவு பால்மத் சபையார் திரண்டு, ஒரு சவப்பெட்டியுள் சங்கிலியையும் சவுக்கையும் கழுத்து வளையத்தையும் இட்டுப் புதைத்தனர்.

இதனை வகுப்பிற் சொன்னபோது, தோட்டத்திலிருந்து வரும் மாணவனொருவன் எழுந்து, "அவங்க இருந்த வீடு யாருடையது, சேர்?" என்று கேட்டான்.

சற்றுத் திகைத்தோம். வீடு துரையுடையதே. விடுதலை பெற்றோரிடம் குடிசைக்கு வாடகை கேட்டனர், கொடாதோரை வெளியேற்றினர். ஆதலால் நிப் முதலிய போதகர்கள் காணி வாங்கித் துண்டுகளாக்கி விற்க, சுதந்திரக் கிராமங்கள் எழுந்தன.

அக்காலத்திலேதான், 1837இல், ஜமேக்காவிற் கோப்பிச் செய்கை பயின்ற றைற்லர் என்னும் துரை இலங்கைக்கு வந்து, அம்முறையை மலைநாட்டிற் புகுத்தினார். அக்கோப்பிக்காகவே தமிழகத்து மக்கள் கடல் கடந்து, காடு நடந்து, கூட்டங்கூட்டமாய் வந்தனர். நம் மாணவன் இன்றும் லயத்துக் காம்பராவிலிருந்தே பள்ளிக்கு வருகிறான். காம்பரா அவனுடையதன்று.

"காணிக்குக் காசு யார் சேர் குடுத்தது?"

வாங்கியவர்களே, தம் கூலியிலிருந்து கொடுத்தனர் என்றோம். அவன் அமர்ந்து, கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பித் தன் தாயின் நாட்சம்பளத்தை எழுதிப் பெருக்கத் தொடங்கினான்.