பிரிப்பதற்கென்றே ஒரு தையல்

பட்டுப் பாவாடை தைக்கத் துணி எடுத்ததுமே எங்கள் வீட்டில் எழும் கேள்வி, "டக் எத்தனை வைக்கலாம்?" என்பதுதான். இந்தத் தீபாவளிக்குத் தரையைத் தொடும் பாவாடை, அடுத்த தீபாவளிக்குக் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். காஞ்சிபுரம் பட்டை ஒரு வருஷத்துக்கென்றா எடுக்கிறோம்? அதனால் நீளமாக வெட்டி, மிஞ்சும் துணியை மடித்துத் தைத்து வைப்பார்கள். ஒரு இஞ்ச் டக் இரண்டு இஞ்ச் துணியை எடுத்துக்கொள்ளும். இரண்டு டக் இருந்தால், பிள்ளை இன்னும் நான்கு இஞ்ச் வளரலாம்.

அந்த டக்கை மட்டும் அம்மா மெஷினில் ஓட்ட விடமாட்டார். பாவாடையைப் பாயில் விரித்து, ஜரிகை பார்டருக்கு மேலே இஞ்ச் டேப் வைத்து அளந்து, மடிப்பை நகத்தால் அழுத்திக்கொண்டே போவார். நகம் போன வழியில் பட்டு அப்படியே படிந்து நிற்கும். பிறகு மெல்லிய ஊசியில் அதே நிறத்து நூலை ஒற்றையாகக் கோத்து நூலோட்டுவார். ஒவ்வொரு தையலுக்கும் ஊசியை வெளியே எடுக்கமாட்டார். துணியை ஊசிமுனையில் நாலைந்து முறை ஏற்றிக்கொண்டு ஒரே இழுப்பு. இறுக்கி இழுத்தால் பட்டு சுருங்கும். தளர விட்டால் மடிப்பு தொங்கும். அந்தப் பக்குவம் விரலுக்குத்தான் தெரியும்.

மெஷின் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. கால்சட்டைக்கு அந்தப் பிடி வேண்டும். டக்குக்கு அது ஆகாது. பிரிக்கும்போது ஒவ்வொரு தையலாக வெட்ட வேண்டியிருக்கும். பட்டில் ஊசித்துளைகள் வரிசையாகத் தெரியும். கையால் ஓட்டிய நூலுக்கு முடிச்சை வெட்டி ஒரு முனையை இழுத்தால் போதும், மடிப்பு விட்டுவிடும். உள்ளே இருந்த பட்டை, வெயிலே படாததால், மற்ற இடத்தைவிட ஒரு சாயல் அடர்த்தியாக இருக்கும். அக்காவுக்குப் பிரித்த டக்கைத் தங்கைக்காக அதே இடத்தில் மறுபடி பிடிப்பதும் உண்டு.

இங்கிலாந்தில் பண்ணைத் தொழிலாளர்கள் அணிந்த மேலங்கிகளிலும் இதே எண்ணம்தான். எலாஸ்டிக் வராத காலத்தில், துணியைச் சுருக்கி மடிப்புகளின் மேல் கையால் தைத்த ஸ்மாக்கிங், மார்பிலும் மணிக்கட்டிலும் உடம்புக்கு ஏற்ப விரிந்து கொடுத்தது. நம் ஊர்க் குழந்தைகளின் கவுன்களிலும் அந்த வேலைப்பாடு உண்டு.

வீட்டில் பெண் குழந்தை இருந்தால், பாவாடை தைக்கக் கொடுக்கும்போது துணியைக் கூடுதலாக எடுங்கள். டக்கைக் கையால் பிடித்துத் தரச் சொல்லுங்கள். கூலி கொஞ்சம் கூடத்தான் கேட்பார்கள், தாராளமாகக் கொடுக்கலாம்.