ஆயாவுக்கு ஜனவரி 1-ல் பிறந்தநாளாம்!

ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் என் ஆயாவின் போனுக்கு பேங்க்கிலிருந்து பிறந்தநாள் வாழ்த்து வரும். "அது எல்லாருக்கும் அனுப்புற புது வருஷ வாழ்த்து கண்ணு" என்று ஆயா சிரித்துக்கொள்வார்.

ஆயா பிறந்தது ஆம்பூர் பக்கம். 'சுதந்திரம் வந்த மறுவருஷம், ஆடி மாசம்.' அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நாடு முழுக்கப் பிறப்பைப் பதிவு செய்யச் சொல்லும் சட்டமே 1969-ல்தான் வந்தது. 2012-ல் ஆதார் எடுத்தபோது பிறந்த தேதி கேட்டார்கள். ஆயா சொன்ன ஆடிக் கணக்கைக் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. அங்கிருந்தவர் ஆளைப் பார்த்து 52 வயது என்று தட்டினார். அது 01-01-1960 ஆகிவிட்டது. எங்கள் அப்பா பிறந்தது 1970. ஆதார்படி பார்த்தால் 10 வயதிலேயே ஆயா பிள்ளை பெற்றிருக்கிறார்!

வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அடுத்த வருஷம் முதியோர் பென்ஷனுக்கு மனு கொடுத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. "உங்களுக்கு இன்னும் 60 ஆகலையேம்மா... கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்கு!" தேதியைத் திருத்த வேண்டுமென்றால் சான்றிதழ் வேண்டும். அதற்கு எங்கே போவது?

ஆயா 2020 வரை காத்திருந்தார். அப்போது பென்ஷன் மாதம் 1,000 ரூபாய். ஏழு வருஷத்துக்கு 84,000 ரூபாய். ஷூ கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே அப்பர் தைத்துக் கொடுப்பவர் அவர். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்த ஏழு வருஷமும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் மறுபடி ஞாபகம் வந்தது, போன மாதம் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில். ஒரு கட்டுரையை ஏற்றும்போது, 'முடிவு தேதி' என்ற கட்டத்தை நிரப்பாமல் சிஸ்டம் என்னை நகரவிடவில்லை. இந்தக் கட்டுரை என்றைக்கும் இருக்க வேண்டுமே, என்ன போடுவது? "31-12-9999 போடும்மா" என்றார் டெக் டீம் அண்ணா. பைதான் மொழியின் தேதி லைப்ரரிக்குத் தெரிந்த கடைசி நாள் அதுதானாம். அதற்குத் தெரிந்த முதல் நாள், 1-ம் வருஷம் ஜனவரி 1. ஜாவாவில் 99,99,99,999-ம் வருஷம் வரைகூடப் போகலாமாம். ஆனால், எவ்வளவு தள்ளிப் போட்டாலும் அதுவும் ஒரு தேதிதானே? 'முடிவே இல்லை' என்பதற்கு அது பொய்ப் பதில்தானே?

"உள்ளதை உள்ளபடி சொல்ல வழியே இல்லையாண்ணா?" என்று கேட்டேன். இருக்கிறதாம். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் தேதிக்குப் பதிலாக 'இன்ஃபினிட்டி' என்றே எழுதலாம். எந்தத் தேதியும் அதற்கு முன்னால்தான் வரும். 'மைனஸ் இன்ஃபினிட்டி' என்றால், எல்லாத் தேதிகளுக்கும் முந்தையது. 'தெரியாது' என்று சொல்ல 'நல்' என்று தனியாக ஒன்று உண்டு. முடிவில்லை என்பது வேறு, தெரியாது என்பது வேறு. கம்ப்யூட்டருக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே புரியும்.

அதைவிட ஆச்சர்யம், தேதி எழுதுவதற்கான ஐ.எஸ்.ஓ 8601 என்ற சர்வதேச விதிமுறை. 2019-ல் வந்த அதன் இரண்டாம் பாகத்தின்படி, '1985/..' என்று எழுதினால் 1985-ல் தொடங்கியது, முடிவு இல்லை என்று அர்த்தம். '1948~' என்றால் ஏறக்குறைய 1948.

அந்தச் சின்ன வளைகோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் ஆயாவின் பிறந்த தேதி அதுதான். அந்தக் கோட்டோடு வருஷத்தைப் போட்டிருந்தால், ஆயா சொன்னதை அப்படியே எழுதியிருக்கலாம். குறை கம்ப்யூட்டரில் இல்லை. 'சரியாகத் தெரியாது' என்று ஆயா சொன்னதை, ஒரு துல்லியமான தேதியாக மாற்றிவிட்டதில்தான் இருக்கிறது.

ஊருக்குப் போனபோது ஆயாவிடம் இதைச் சொன்னேன். "இவ்ளோ சின்னக் கோடு போட்டிருந்தா போதுமா கண்ணு?" என்றவர், கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

உங்கள் வீட்டிலும் ஜனவரி 1-ல் 'பிறந்த' பெரியவர்கள் இருப்பார்கள். எப்போது பிறந்தார்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்கிற வார்த்தைகளிலேயே எழுதி வையுங்கள். இந்த வருஷம் ஆயாவுக்கு நாங்கள் கேக் வெட்டப்போகிறோம். தேதியா? ஆடியில் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை!