பட்டறைக்குப் போய் வந்த ரிவால்வர்கள்

பழைய ரிவால்வர் சேகரிப்பில் முதல் விதி, ஆலையிலிருந்து வந்தபடியே இருப்பதற்குத்தான் மதிப்பு என்பது. குழலை வெட்டியிருந்தாலோ, முலாம் புதிதாகப் பூசியிருந்தாலோ, கைப்பிடிப் பலகையை மாற்றியிருந்தாலோ விலை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. மாற்றியது யார், எந்தக் காலத்தில், யாருக்காக என்பது தெரிந்துவிட்டால் அதே மாற்றம் விலையைப் பல மடங்கு ஏற்றிவிடும். இந்த விலக்கை நம்பித்தான் தனியொரு சேகரிப்புத் துறை வளர்ந்திருக்கிறது.

துறையின் தாயகம் கனெக்டிகட் ஆற்றுப் படுகை. ஏறக்குறைய இருபத்தைந்து மைல் இடைவெளியில் ஹார்ட்ஃபர்டும் ஸ்பிரிங்ஃபீல்டும் இருக்கின்றன. 1836இல் காப்புரிமை பெற்ற சாமுவேல் கோல்ட், நியூஜெர்சியில் தொடங்கிய முதல் ஆலை நொடித்துப்போன பிறகு, பிறந்த ஊரான ஹார்ட்ஃபர்டில்தான் நிலைகொண்டார். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஸ்பிரிங்ஃபீல்டில் வேரூன்றியது. 91ஆம் எண் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு, பொன் நட்சத்திரங்கள் பதித்த கோல்ட் ஆலையின் நீலக் குமிழ் மாடம் இன்றும் தெரியும். காப்பீட்டு நிறுவனங்களில் கணினி வேலைக்காக ஹார்ட்ஃபர்டுக்கு வந்து குடியேறிய தமிழர்கள் அதைப் பார்த்தபடியே வேலைக்குப் போய் வருகிறார்கள். ஏதோ தேவாலயம் என்று எண்ணிக்கொண்டே ஆண்டுகளைக் கழித்தவர்களும் உண்டு.

இந்தத் துறையில் மிகப் பழையது செதுக்கு வேலை. குஸ்டாவ் யங், லூயி நிம்ஷ்கே, 1871 முதல் 1921 வரை கோல்ட் ஆலையின் செதுக்குப் பிரிவை நடத்திய கூனோ ஹெல்ஃப்ரிக்ட் ஆகியோர் ஜெர்மன் நிலங்களிலிருந்து வந்தவர்கள். இருபதாம் நூற்றாண்டில் ஹார்ட்ஃபர்டில் தனிப்பட்டறை வைத்திருந்த ருடால்ஃப் கோர்ன்பிராத், துப்பாக்கித் தொழிலுக்குப் பேர்போன ஆஸ்திரிய ஊரான ஃபெர்லாக்கிலிருந்து வந்தவர். அமெரிக்கத்தனத்தின் அடையாளம் என்று உலகமே நினைக்கும் இந்தப் பொருளின் மிக அழகான பகுதியைச் செய்தவை குடியேறிகளின் கைகள். புலம்பெயர்ந்து வந்த ஒருவர் இதைக் கவனிக்காமல் போக முடியாது.

இவர்கள் தங்கள் வேலையில் பெயர் பொறிப்பது அபூர்வம். ஆகவே கொடி வளையும் விதம், இலை நுனி முடியும் விதம், பின்னணியில் உளியின் புள்ளிகள் விழுந்திருக்கும் நெருக்கம் ஆகியவற்றைக் கொண்டே கையை அடையாளம் காண வேண்டும். நிம்ஷ்கே மட்டும் பின்வந்தவர்களுக்கு ஓர் உதவி செய்துவிட்டுப் போயிருக்கிறார். செதுக்கி முடித்த வேலைகளின் மேல் மை தடவிக் காகிதத்தில் ஒற்றி எடுத்து ஏடாகச் சேர்த்து வைத்திருந்தார். 1965இல் அது நூலாக அச்சானது. அதுவரை செய்தவர் தெரியாமல் கிடந்த பல துண்டுகளுக்கு அதன்பின் உரியவர் கிடைத்தார்.

அலங்காரத்துக்காக அல்லாமல் பயனுக்காக மாற்றியவை அடுத்த வகை. துறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கோல்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜான் ஹென்றி ஃபிட்ஸ்ஜெரால்ட், 1920களிலிருந்து பெரிய ரிவால்வர்களைச் சட்டைப்பைக்கு அடங்கும்படி மாற்றிக் கொடுத்தார். குழலைக் குட்டையாக்கினார். சுத்தியின் வாலை அறுத்தெடுத்தார். கைப்பிடியின் அடியை உருட்டினார். விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்தின் முன்பாதியை வெட்டியே விட்டார். விரல் தடையில்லாமல் விசைக்குப் போகவேண்டும் என்பது அவர் நோக்கம். பாதுகாப்பு நோக்கில் இது இன்று யாரும் பரிந்துரைக்காத வேலை. ஆனாலும் ‘ஃபிட்ஸ் ஸ்பெஷல்’ என்ற பெயர் கேட்டாலே சேகரிப்பாளர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மறு கடற்கரையில், சான்ஃபிரான்சிஸ்கோவின் கிங் கன் சைட் நிறுவனம் குறிசுடுபவர்களுக்காக உழைத்தது. குழலின் முதுகில் ஒரு பட்டையை ஏற்றி, முன்குறியில் சிவப்பு மணி பதித்து, அந்த மணியில் ஒளி விழும்படி கீழே சின்னஞ்சிறு கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்தார்கள். எழுபது, எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கண்ணாடி மங்காமல் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். ஐடஹோவின் கால்நடைப் பண்ணையாளரும் எழுத்தாளருமான எல்மர் கீத், பல கைவினைஞர்களின் உழைப்பைச் சேர்த்து உருவாக்கிய ‘நம்பர் 5’ ரிவால்வரைப் பற்றி 1929இல் ‘அமெரிக்கன் ரைஃபிள்மேன்’ இதழில் எழுதினார். பின்னாளில் அதைப் பார்த்துச் செய்யாத பட்டறை குறைவு. 1970களில் காவலர் போட்டிகளுக்காகத் தடித்த குழல் பொருத்திய ரிவால்வர்களும் இப்போது மெல்லச் சேகரிப்புக்குள் வருகின்றன. அவை பார்வைக்கு அழகில்லை.

ஆலையே வாடிக்கையாளர் சொன்னபடி செய்து கொடுத்ததும் உண்டு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1935இல் கொண்டுவந்த ‘ரெஜிஸ்டர்டு மேக்னம்’ அப்படிப்பட்டது. மூன்றரை அங்குலம் முதல் எட்டே முக்கால் அங்குலம் வரை குழல் நீளத்தை வாங்குபவரே தேர்ந்தெடுக்கலாம். குறியும் கைப்பிடியும்கூட அவர் விருப்பம்தான். பெருமந்தக் காலத்தில் இதன் விலை 60 டாலர். முதல் ரிவால்வர் எஃப்பிஐ இயக்குநர் எட்கர் ஹூவருக்குப் போனது. தளபதி ஜார்ஜ் பேட்டன் ஒன்று வாங்கினார். சிலிண்டரை வெளியே சாய்த்தால், சட்டகத்தின் உள்வெட்டில் ‘ரெக்’ என்ற எழுத்துகளோடு பதிவு எண் தெரியும். வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஒன்றைக் கையில் எடுத்தால், கைப்பிடியின் அடியிலுள்ள வரிசை எண் சிலிண்டரிலும் குழலின் அடியிலும் அப்படியே இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். வலது கைப்பிடிப் பலகையைக் கழற்றினால் அதன் உட்புறத்திலும் அதே எண் இருக்க வேண்டும். வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் குத்தியிருந்தால், துப்பாக்கி ஒருமுறை ஆலைக்குத் திரும்பி வேலை பார்க்கப்பட்டிருக்கிறது என்று பொருள். எந்த மாதம், எந்த ஆண்டு என்பது பெரும்பாலும் இடது பலகைக்கு அடியில் குத்தப்பட்டிருக்கும்.

பிறகு மேற்பரப்பு. திருகுத்துளைகளின் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். சந்தனக் கல் போலத் தேய்ந்து உள்ளே குழிந்திருந்தால், யாரோ மெருகேற்றும் சக்கரத்தில் வைத்துவிட்டார்கள். நிறுவன முத்திரையின் எழுத்துகள் மழுங்கியிருந்தாலும் அதே கதைதான். அப்படி மெருகேற்றி, மேலே புது நீலப்பூச்சு கொடுத்த ஒன்றைவிட, அங்கங்கே பழுப்பேறி நிற்கும் பழைய பூச்சுக்கு மதிப்பு அதிகம்.

இவ்வளவு பார்த்த பிறகும் காகிதம் இல்லாமல் எதுவும் நிற்காது. ஃபிட்ஸ்ஜெரால்ட் செய்த மாற்றங்களை ஓர் அரமும் இரம்பமும் வைத்திருக்கும் யாரும் செய்துவிட முடியும் என்பதால் போலிகள் ஏராளம். கோல்ட் ஆவணக் காப்பகத்துக்கு வரிசை எண்ணை அனுப்பிக் கட்டணம் செலுத்தினால், அந்தத் துப்பாக்கி எந்த நாளில் யாருக்கு அனுப்பப்பட்டது என்று பேரேட்டைப் பார்த்துக் கடிதம் தருவார்கள். பெறுநர் இடத்தில் ஃபிட்ஸ்ஜெரால்டின் பெயர் இருந்தால் பாதி வழக்கு முடிந்தது. காகிதத்தின் வலிமைக்கு இன்னொரு சான்றும் உண்டு. பில்லி தி கிட் என்ற கொள்ளையனைச் சுட்டுக்கொன்ற ஷெரீஃப் பேட் காரட்டின் ரிவால்வர் 2021 ஏலத்தில் அறுபது லட்சம் டாலருக்கு மேல் போனது. கைமாறிய வரலாறு அறுபடாமல் எழுத்தில் இருந்ததே அந்த விலைக்குக் காரணம்.

குடியேறியவருக்குச் சட்டம் வேறு கதவு வைத்திருக்கிறது. 1998 முதல், எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. பச்சை அட்டை வந்தால் இந்தத் தடை நீங்கும். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த அட்டைக்கான வரிசை பத்தாண்டுகளையும் தாண்டி நீள்கிறது. வரி கட்டி, வீடு வாங்கி, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிய பிறகும் இந்த ஒரு விஷயத்தில் விருந்தாளியாகவே நிற்பவர்கள் பலர். ஆனால் 1898ஆம் ஆண்டோ அதற்கு முன்போ செய்யப்பட்டவற்றைக் கூட்டாட்சிச் சட்டம் தொல்பொருளாகக் கருதுகிறது. தடை அவற்றைத் தொடுவதில்லை. மாநிலச் சட்டங்கள் மாறுபடும் என்பதால் அவற்றைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐம்பது ஆண்டு கடந்த துப்பாக்கிகளுக்கென்று சேகரிப்பாளர் உரிமம் ஒன்று இருக்கிறது. மூன்றாண்டுக்கு 30 டாலர். அதன் கீழ் வருபவை மூல வடிவிலேயே இருக்க வேண்டும் என்பது அதிகாரிகளின் நிலைப்பாடு. இதனால் மாற்றிச் செய்தவற்றை விரும்புகிறவருக்கு அந்த உரிமம் பல நேரங்களில் உதவாமல் போகிறது. தந்தக் கைப்பிடியில் வேறு சிக்கல். 2016 முதல் ஆப்பிரிக்க யானைத் தந்த வணிகம் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. நூறாண்டுக்கு முற்பட்டது என்றோ, வேறு விலக்குக்கு உரியது என்றோ விற்பவர் நிரூபிக்க வேண்டும். யானைகளின் நிலையை நினைத்தால் இந்தக் கெடுபிடி முற்றிலும் நியாயமானது.

கனெக்டிகட்டின் நியூட்டவுனில் 2012 டிசம்பர் 14 அன்று சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் இருபது குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறு ஆண்டே மாநிலம் சட்டங்களை இறுக்கியது. தோட்டா வாங்கவும் அனுமதிச்சீட்டு வேண்டும் என்றானது அப்போதுதான். அந்த மண்ணில் வாழ்ந்துகொண்டு துப்பாக்கி சேகரிக்கிற எவரும் அந்த நாளை ஒதுக்கிவிட்டுப் பேசக்கூடாது. துப்பாக்கிகள் பூட்டிய இரும்புப் பெட்டியிலும் தோட்டாக்கள் வேறிடத்திலும் இருக்க வேண்டும். வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் சம்மதமும் வேண்டும். தோட்டாவே வாங்காமல், ஏடும் உருப்பெருக்கியுமாகச் சேகரிப்பை வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

சேகரித்ததை ஊருக்குக் கொண்டுபோவது ஏறக்குறைய இயலாத காரியம். தமிழ்நாட்டில் தேர்தல் அறிவிப்பு வந்தாலே உரிமம் பெற்ற துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். நிரந்தரமாகத் திரும்புகிறவர், இந்திய உரிமம் இருந்தால், அனுமதிக்கப்பட்ட அளவில் ஒரே ஒரு துப்பாக்கியைத்தான் நிபந்தனைகளோடு கொண்டுவர முடியும். ஆகவே திரும்ப முடிவெடுத்தவர்கள் ஏல நிறுவனத்திடமோ, அமெரிக்கக் குடிமக்களான பிள்ளைகளிடமோ, அருங்காட்சியகத்திடமோ ஒப்படைத்துவிட்டே கிளம்ப வேண்டும். ஒப்படைக்கும்போது ஆலைக் கடிதங்களையும் பழைய ரசீதுகளையும் அந்தந்தத் துப்பாக்கியோடு சேர்த்தே கொடுக்க வேண்டும்.