கட்டிகளுக்குள் காய்ச்சலைத் தேடி

பெட் ஸ்கேன் பயிற்சியில் சேர்ந்த புதிதில், படத்தில் பளிச்சென்று தெரிவதெல்லாம் நோய் என்றே நினைத்தேன். பாலிசிஸ்டிக் கிட்னி நோயாளிகளின் படங்கள்தான் என்னைத் திணறடித்தன. இரண்டு சிறுநீரகங்களிலும் எண்ண முடியாத நீர்க்கட்டிகள். காய்ச்சல் விடாது, ஆனால் எந்தக் கட்டியில் கிருமி என்பது சாதாரண சி.டி.யில் பிடிபடாது. இரத்தம் கசிந்த கட்டியும் சீழ் பிடித்த கட்டியும் அதில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். கட்டி மூடியே கிடப்பதால் சிறுநீர்ப் பரிசோதனையிலும் பல நேரம் கிருமி வளராது.

நாங்கள் ஊசியில் செலுத்துவது புளோரின்-18 சேர்த்த சர்க்கரை. கிருமியை எதிர்க்கத் திரளும் வெள்ளணுக்கள் அதை இழுத்துக்கொள்ளும். 110 நிமிடத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகும். சென்னையிலிருந்து நான்கு மணி நேரம் வண்டியில் கடலூருக்குக் கொண்டுபோனால் கால் பங்குகூட மிஞ்சாது. ஆகவே கடலூர், சிதம்பரம் பக்கத்து நோயாளிகள் விடியுமுன் வெறும் வயிற்றோடு பஸ் ஏறி எங்களிடம் வருவார்கள். நானும் சிதம்பரத்துக்காரன். "வழியில டீ ஏதும் குடிக்கலையே?" என்று கேட்பதே என் முதல் வேலை. குடித்திருந்தால் தசைகள் மருந்தை வாங்கிக்கொண்டு படத்தைக் கெடுத்துவிடும்.

என்னைத் தடுமாற வைத்தது சிறுநீர். அந்தச் சர்க்கரை சிறுநீரில்தான் வெளியேறும். கட்டிகள் நெருக்கிய இடுக்கில் தேங்கும் சிறுநீர், சீழ்க்கட்டி போலவே மின்னும். அதைத் திரும்பத் திரும்பத் தொற்று என்று எழுதினேன். எனக்குப் பயிற்சி தந்த மேடம் அதை அடித்துவிட்டு, "தம்பி, பெட் வண்ணத்தை அணைச்சுட்டு சி.டி.யை மட்டும் உருட்டுங்க. வெளிச்சம் கட்டியோட சுவர்ல நிக்குதா, வெளியில நிக்குதா?" என்பார். மௌஸ் சக்கரம் ஒரு பல் நகர்ந்தால் உடம்பில் சில மில்லிமீட்டர் கடந்துவிடும். என் விரல் அவசரப்படும், சுவர் தப்பிவிடும். மறுபடியும் மேலிருந்து தொடங்கச் சொல்வார். சந்தேகம் தீராவிட்டால் சிறுநீர் பிரியும் ஊசி போட்டு இன்னொரு முறை படம் எடுப்போம். சிறுநீர் இடம் மாறும், சீழ்ச் சுவர் மாறாது. அந்தப் பொறுமையை அவர்தான் என் விரலுக்குக் கொடுத்தார்.

பிறகொரு நாள், கடலூர் முதுநகரிலிருந்து ஓர் அம்மா வந்தார். வலப்பக்க வலி, வாரக்கணக்கில் காய்ச்சல். எல்லோருடைய சந்தேகமும் வலது சிறுநீரகத்தின் மேல். அதன் உச்சியில் வளையல் போல ஒரு வெளிச்சம். வண்ணத்தை அணைத்து மெல்ல உருட்டினேன். அந்தச் சுவர் சிறுநீரகத்தோடு சேரவில்லை, கல்லீரலுக்குள் போனது. இந்த நோயில் கல்லீரலிலும் நீர்க்கட்டிகள் வரும் என்று படித்திருந்தேன். கண்ணால் பிடித்தது அன்றுதான். மூச்சில் இரண்டு உறுப்புகளும் அசையும் என்பதால் மூன்று கோணங்களிலும் சரிபார்த்த பிறகே எழுதினேன்.

மறுநாள் அந்தக் கட்டியிலிருந்து சீழ் எடுத்தார்கள். என் அறிக்கையில் மேடம் திருத்தியது கட்டியின் அளவை மட்டும்: 4 செ.மீ. என்றிருந்ததை 4.2 ஆக்கிக் கையெழுத்திட்டார்.