26 சதுர கிலோமீட்டரில் ஓர் அரசு

ஃபிஜியின் சுவா நகரிலிருந்து வடக்கு நோக்கிச் சுமார் இரண்டரை மணி நேரம் கடலுக்கு மேல் பறந்தால் ஃபுனாஃபுட்டி வரும். பெரிய காயல் ஒன்றைச் சுற்றி வளைந்து கிடக்கும் மெல்லிய மணல் வரம்புதான் துவாலு நாட்டின் தலைநகரம். அதில் பெரிய தீவான ஃபொங்காஃபாலே சுமார் 12 கிலோமீட்டர் நீளம். அகலமான இடத்தில்கூட 400 மீட்டர்தான். இரண்டாம் உலகப் போரின்போது 1943-ல் அமெரிக்கர்கள் போட்ட ஓடுபாதைதான் இன்றும் நாட்டின் ஒரே விமான நிலையம். விமானம் நெருங்கும்போது சைரன் ஒலிக்கும்; ஓடுபாதையில் இருப்பவர்கள் விலகிக்கொள்வார்கள். மற்ற மாலைகளில் அங்கே கைப்பந்து விளையாட்டும் கால்பந்தும் நடக்கும். புழுக்கமான இரவுகளில் பாய் விரித்துப் படுப்பவர்களும் உண்டு. வெளியிலிருந்து வரும் பத்திரிகையாளர்களும் பயணிகளும் பெரும்பாலும் ஒரே காட்சியைத் தேடி வருகிறார்கள்: மூழ்கிக்கொண்டிருக்கும் நாடு. கடல் மட்டம் உயர்வது உண்மை. அந்த ஆபத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் துவாலுவின் பெரிய சாதனையைத் தவறவிடுகிறார். சுமார் 10,000 பேர், இயற்கை எதையும் தாராளமாகக் கொடுக்காத நிலத்தில், தங்கள் அரசுரிமையையே வாழ்வாதாரமாக மாற்றி ஒரு நாட்டை நடத்திக் காட்டியிருக்கிறார்கள். துவாலுவைப் பற்றிய எந்தப் பேச்சும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இயற்கை எவ்வளவு கஞ்சத்தனம் காட்டியிருக்கிறது என்பதை முதலில் பார்க்கலாம். ஒன்பது தீவுகளின் நிலப்பரப்பையும் கூட்டினால் 26 சதுர கிலோமீட்டர். மலை கிடையாது, ஆறு கிடையாது. மிக உயர்ந்த இடமே கடல் மட்டத்திலிருந்து ஐந்து மீட்டரைத் தொடாது. மண் என்று இருப்பதெல்லாம் பவளத்தூளும் அதன்மேல் படிந்த சருகும்தான். தென்னை, தாழை, ஈரப்பலா நிற்கும். நெல்லோ கோதுமையோ விளையாது. ஆனாலும் இந்த மக்கள் ஒரு வேளாண்மையைக் கண்டுபிடித்தார்கள். பெய்த மழை பவளத்தின் ஊடே இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கும். அந்தப் படலத்தைத் தொடும்வரை குழி தோண்டி, உள்ளே இலைச் சருகை அடுக்கடுக்காகப் போட்டு மக்கவைத்து, ‘புலக்கா’ என்னும் பெரிய சேம்பு வகையை நடுவார்கள். எந்த இலையை எப்போது போடுவது என்னும் நுணுக்கத்தைக் குடும்பங்கள் தமக்குள்ளேயே காத்துவந்திருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக மண்ணையே உண்டாக்கிச் சாப்பிட்டவர்கள் இவர்கள். குடிநீருக்கு இன்று கூரைத் தகரத்திலிருந்து தொட்டியில் இறங்கும் மழைநீர்தான். 2011-ல் மழை பொய்த்தபோது அரசு அவசரநிலை அறிவித்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்கள் வெளிநாட்டிலிருந்து வந்து சேர வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட தீவுகளில் தனி அரசு வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் தீவு மக்களேதான். பிரிட்டிஷ் ஆட்சியில் இவை எல்லிஸ் தீவுகள் என்ற பெயரில், மைக்ரோனேசியர்கள் வாழும் கில்பர்ட் தீவுகளோடு ஒரே குடியேற்ற நாடாக இணைக்கப்பட்டிருந்தன. எல்லிஸ் மக்கள் பாலினேசியர்கள். சமோவா மொழிக்கு நெருங்கிய மொழி பேசுபவர்கள். நுய் தீவில் மட்டும் கில்பர்ட் மொழி வழங்குகிறது. பெரிய கூட்டணியில் தங்கள் குரல் அடங்கிப்போகும் என்று அவர்கள் அஞ்சினார்கள். பிரிவினை பற்றி 1974-ல் வாக்கெடுப்பு நடந்தது. பிரிந்தால் அதே குடியேற்ற நாட்டிலிருந்த பனாபா தீவின் பாஸ்பேட் வருமானத்தில் பங்கு கிடையாது, பொதுச் சொத்தில் ஒரு கப்பலைத் தவிர எதுவும் வராது என்பது நிபந்தனை. அது தெரிந்தும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிரிவினைக்கே வாக்களித்தார்கள். 1978 அக்டோபர் 1 அன்று துவாலு விடுதலை பெற்றது. வருமானம் தெரியாத நிலையில் அரசுரிமையைத் தேர்ந்தெடுத்த அந்த முடிவு வெறும் உணர்ச்சிவேகமா, கணக்கறிந்த துணிவா என்பதற்குப் பின்வந்த ஆண்டுகள் பதில் சொல்கின்றன.

நிலம் 26 சதுர கிலோமீட்டர்தான் என்றாலும், பன்னாட்டுக் கடல்சட்டப்படி துவாலுவுக்கு உரிய கடற்பரப்பு ஏழு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். அதில் சூரை மீன் கூட்டம் கூட்டமாக வலசை போகிறது. ஒரு காலத்தில் பெரிய நாடுகளின் கப்பல்கள் சொற்பக் கட்டணம் கொடுத்துவிட்டு அள்ளிச் சென்றன. ஒவ்வொரு தீவு நாடும் தனித்தனியே பேரம் பேசியதால்தான் விலை சரிந்தது. துவாலு உள்ளிட்ட நவூரு உடன்படிக்கை நாடுகள் எட்டும் ஒன்றுசேர்ந்து, ஒரு கப்பல் ஒரு நாள் மீன்பிடிக்க இவ்வளவு என்று விலை வைத்து, ஆண்டுக்கு இத்தனை நாள்தான் என்று வரம்பும் கட்டின. ஒரு நாளுக்குக் குறைந்தபட்ச விலை 8,000 அமெரிக்க டாலர் என்று ஆனது. இன்று மீன்பிடி உரிமக் கட்டணம்தான் துவாலு அரசின் மிகப்பெரிய வருவாய். இணையத்தில் நாட்டுக்கு ஒதுக்கப்பட்ட ‘டிவி’ என்னும் முகவரிப் பின்னொட்டையும் அரசு குத்தகைக்கு விட்டிருக்கிறது. அந்தப் பணம் வரத் தொடங்கிய 2000-ஆம் ஆண்டில்தான் துவாலு ஐ.நா. சபையின் 189-ஆவது உறுப்பினரானது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1987-ல், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் முதலிய நாடுகளின் உதவியோடு சுமார் 2 கோடியே 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் துவாலு அறக்கட்டளை நிதி தொடங்கப்பட்டது. விலைவாசி உயர்வுக்கு ஏற்ப மூலதனத்தின் மதிப்பைக் காப்பாற்றிய பிறகு மிஞ்சும் ஈட்டம் மட்டுமே அரசின் செலவுக்கு வரும். பஞ்சத்திலும் விதைநெல்லைத் தொடாத வீட்டின் ஒழுக்கம் அது.

ஆட்சிமுறையும் இந்தச் சிறிய அளவுக்குப் பொருந்தியே அமைந்திருக்கிறது. பிரிட்டிஷ் மன்னரே நாட்டின் தலைவர்; அவர் சார்பில் ஓர் ஆளுநர் நாயகம். நாடாளுமன்றத்தில் 16 பேர், எட்டுத் தொகுதிக்கும் இரண்டிரண்டு பேர். மிகச் சிறிய நியுலக்கிட்டா, நியுடாவோ தொகுதியோடு சேர்ந்துகொள்கிறது. அரசியல் கட்சி எதுவும் இல்லை. வென்றவர்கள் கூடிப் பிரதமரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2024-ல் ஃபெலெட்டி டியோ அப்படித்தான் போட்டியின்றித் தேர்வானார். தலைநகருக்கு வெளியே ஒவ்வொரு தீவிலும் ‘ஃபலேகௌபுலே’ என்னும் ஊர்ச்சபை உண்டு. பெரியவர்கள் பாய்மேல் அமர்ந்து ஊர்க் காரியங்களைப் பேசும் இந்தப் பழைய அமைப்புக்கு 1997-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சி அதிகாரத்தைக் கொடுத்தது. கட்சி இல்லாததால் ஆட்சி நிலையாக இராது என்பார்கள். அது ஓரளவு உண்மை: 2010-ல் பதவியேற்ற மாட்டியா டோயாஃபா மூன்றே மாதத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் வீழ்ந்தார், 2013-ல் நாடாளுமன்றத்தைக் கூட்டத் தயங்கிய பிரதமர் வில்லி டெலவியை ஆளுநர் நாயகம் பதவி நீக்கினார். ஆனால் இரண்டு நெருக்கடியும் துப்பாக்கியில்லாமல், சட்டத்துக்குள்ளேயே தீர்ந்தன. ராணுவமே இல்லாத நாடு இது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அரசுரிமையையே வாழ்வாதாரமாக்கினார்கள் என்பதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கடலை வாடகைக்கு விடுவதும் இணையப் பின்னொட்டைக் குத்தகைக்கு விடுவதும் உற்பத்தியே அல்ல, தற்செயலாகக் கிடைத்த வாடகை. மீதியெல்லாம் வெளிநாட்டு உதவி என்பது அந்த மறுப்பு. உதவி இல்லாமல் துவாலு நடக்காது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நாணயம்கூட ஆஸ்திரேலிய டாலர்தான். பணம் எடுக்கும் ஏடிஎம் இயந்திரம் முதன்முதலில் வந்ததே 2025 ஏப்ரலில். ஆனால் எண்ணெய் வளமும் தற்செயல்தான். கால்வாய் வெட்ட வாய்ப்பான நிலமும் தற்செயல்தான். கிடைத்ததை ஒரு மக்கள் என்ன செய்தார்கள் என்பதே கேள்வி. இன்னொரு பசிபிக் தீவு நாடான நவூருவும் பாஸ்பேட் பணத்தை ஒரு நிதியில்தான் போட்டுவைத்தது. மோசமான முதலீடுகளில் அதன் பெரும்பகுதி கரைந்தது. அதைவிடச் சிறிய தொகையில் தொடங்கிய துவாலுவின் நிதியோ பெருகியிருக்கிறது. வாடகையைச் சேமிப்பாக்கியதும், மற்ற ஏழு நாடுகளோடு நின்று மீன்பிடி விலையை உயர்த்தியதும் அரசு என்ற ஒன்று இருந்ததால்தான் நடந்தன.

நிலமே போய்விட்டால் இந்த அரசுத்திறன் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. தீவுகள் வளரத்தானே செய்கின்றன, பயம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. 1971 முதல் 2014 வரையிலான படங்களை ஒப்பிட்டுப் பார்த்த பால் கென்ச்சும் சகாக்களும் மொத்த நிலப்பரப்பு 2.9 விழுக்காடு கூடியிருப்பதாக 2018-ல் காட்டினார்கள். அலை ஒரு கரையை அரித்து மறு கரையில் மணலைச் சேர்ப்பதால் பவளத்தீவுகள் வடிவம் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் சேர்ந்த மணலில் குடியிருக்க முடியுமா என்பது வேறு கேள்வி. நாசாவின் கணக்குப்படி முப்பது ஆண்டுகளில் அங்கே கடல் மட்டம் சுமார் 15 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. பெரிய ஓதம் வரும் நாள்களில் கடல்நீர் கரையைத் தாண்டி மட்டுமல்ல, பவளத் துளைகள் வழியே தரைக்கு அடியிலிருந்தும் கொப்பளித்து வருகிறது. புலக்காக் குழியில் உப்பேறினால் செடி மஞ்சளாகி அழுகும். தீவு மறைவதற்கு வெகுகாலம் முன்பே வாழ்க்கை கடினமாகும் வழி அதுதான். அரசு இதற்கும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. பசுமைக் காலநிலை நிதியின் துணையோடு காயலிலிருந்து மணலை எடுத்து, ஃபுனாஃபுட்டியில் சுமார் 7 ஹெக்டேர் புதிய உயர்நிலம் உருவாக்கப்பட்டது. 2023-ல் அரசமைப்பைத் திருத்தி, நிலம் இழந்தாலும் துவாலு அரசு என்றென்றும் நீடிக்கும் என்று எழுதிவைத்தார்கள். 2025 ஜூலையில் பன்னாட்டு நீதிமன்றமும், ஒரு நாடு நிறுவப்பட்ட பிறகு அதன் கூறுகளில் ஒன்று மறைவதால் நாடு என்ற தகுதி போய்விட வேண்டியதில்லை என்று கருத்துரைத்தது.

கடைசி மறுப்பு, மக்களே கிளம்பத் தயாராகிவிட்டார்களே என்பது. ஆஸ்திரேலியாவோடு 2023-ல் கையெழுத்தான ஃபலேபிலி ஒப்பந்தம் ஆண்டுக்கு 280 பேருக்கு அங்கே குடியேறும் உரிமை தருகிறது. 2025-ல் நடந்த முதல் குலுக்கலுக்குக் குடும்பத்தினரையும் சேர்த்து 8,750 பேர் பதிந்துகொண்டார்கள். அதற்கு விலையும் உண்டு: துவாலு வேறு நாட்டோடு பாதுகாப்பு உடன்பாடு செய்ய ஆஸ்திரேலியாவின் இசைவு வேண்டும். இது சிறிய விட்டுக்கொடுப்பல்ல. ஆசிரியர்களும் செவிலியர்களும் போய்விட்டால் ஏற்படும் பள்ளமும் சிறியதல்ல. ஆனால் பெயர் பதிவதும் நாட்டைக் கைவிடுவதும் ஒன்றல்ல. இந்த விசா பெற்றவர்கள் போய்வரலாம். துவாலுவின் வைட்டுப்புத் தீவு மக்கள் 1940-களிலேயே ஃபிஜியில் கியோவா தீவை விலைக்கு வாங்கிக் குடியேறினார்கள். துவாலு மாலுமிகள் உலகக் கப்பல்களில் உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்பினார்கள். போனவர்களால் தீவு வளர்ந்ததே தவிர வெறுமையாகவில்லை. கடல் உயர்ந்தாலும் துவாலுவின் அரசுரிமை தொடரும் என்று அதே ஒப்பந்தத்தில் ஆஸ்திரேலியாவை ஏற்கவைத்ததும் இந்தச் சின்ன நாட்டின் பேரத்திறன்தான்.

ஆகவே துவாலுவுக்குப் போகிறவர் ஓதநீர் ஏறிய சாலையைப் படம்பிடிப்பதோடு நின்றுவிடக் கூடாது. ஃபுனாஃபுட்டியின் வையாக்குவில் இருக்கும் அரசு அலுவலகத்தையும், ஊர்ச்சபை கூடும் மண்டபத்தையும், மழைநீர்த் தொட்டியின் அளவையும் பார்க்க வேண்டும். பரிதாபத்துக்குரிய மக்கள் என்று பார்த்தால் உதவி தானமாகும்; கொடுப்பவர் மனம்போல் கூடும், குறையும். உரிமையுள்ள அரசு என்று பார்த்தால் அதே உதவி கடனாகும். உலகின் கரியமில வாயுவில் கணக்கில் வராத அளவே வெளியிட்ட நாடு, பெருமளவு வெளியிட்ட நாடுகளிடம் அந்தக் கடனைத்தான் கேட்கிறது. 1974-ல் ஒற்றைக் கப்பலோடு தனியே நிற்கத் துணிந்து, கிடைத்ததைச் சேமித்து, சட்டத்தால் ஆண்ட மக்களுக்கு அதைக் கேட்கும் தகுதி முழுமையாக இருக்கிறது.