பி-யில் நிற்காத கார்

அப்பா ஓட்டிய கார் அது. 1984-ல் பதிவு செய்த ஜெர்மன் டீசல் கார், ஆட்டோ கியர். மலேசியாவின் சிரம்பானில் எங்கள் வீட்டு வாசல் தெருவை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை மேலே ஏற்றி, கியரை 'பி'க்கு, அதாவது பார்க்கிங் இடத்துக்குத் தள்ளி, இன்ஜினை அணைத்துவிட்டு கேட்டைச் சாத்த இறங்கினேன். நாலு அடிகூட நடந்திருக்க மாட்டேன். கார் பின்பக்கமாக நகர ஆரம்பித்திருந்தது. கேட்டுக்கு வெளியே அக்கா மகள் சைக்கிளோடு நின்றாள். ஓடிப்போய் உள்ளே விழுந்து பிரேக்கை மிதித்தேன். கார் நின்ற பிறகு நிமிர்ந்து பார்த்தால், கியர் அப்போதும் 'பி'யில்தான் இருந்தது.

அந்தக் காட்சி என்னைத் தூங்கவிடவில்லை. 'பி' என்று போட்ட இடத்தில் கியர் இருக்கிறது, கார் உருள்கிறது. எது பொய்?

அதற்கு முன்பே இரண்டு மாதமாகக் கார் ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தது. 'பி'யில் வைத்துச் சாவியைத் திருகினால் சில நாள் சத்தமே வராது. நியூட்ரலான 'என்'னுக்கு இழுத்துத் திருகினால் உடனே ஸ்டார்ட் ஆகும். ரிவர்ஸ் விளக்கு ஒரு சமயம் எரியும், ஒரு சமயம் எரியாது. ஒரு பட்டறையில் பேட்டரி என்றார்கள், மாற்றினேன். இன்னொரு இடத்தில் கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்று ஆயிரக்கணக்கில் வெள்ளி கேட்டார்கள்.

கடைசியில், முன்பு எஸ்டேட் லாரிகளைப் பழுது பார்த்த ஒரு பெரியவரிடம் போனேன். எழுபதைத் தாண்டியவர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "பாக்ஸைப் பிரிக்கணும்னு சொன்னவங்க யாராவது காருக்கு அடியில படுத்துப் பார்த்தாங்களா தம்பி?" என்று கேட்டார். யாரும் பார்க்கவில்லை.

நான்கு சக்கரங்களுக்கும் கட்டை கொடுத்துக் குழிமேல் காரை நிறுத்தினார். இன்ஜின் ஓடவில்லை. என்னை உள்ளே உட்கார்ந்து கியரை மெல்ல நகர்த்தச் சொல்லிவிட்டு அவர் கீழே போனார். பிறகு இடம் மாறிக்கொண்டோம். நானே பார்க்க வேண்டும் என்றார். டார்ச் வெளிச்சத்தில் விஷயம் பளிச்சென்று தெரிந்தது. நாம் கையில் பிடிக்கும் கியருக்கும் கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் சிறு நெம்புகோலுக்கும் நடுவே ஒரு கம்பி ஓடுகிறது. கம்பியின் முனை நெம்புகோலின் துளைக்குள் உட்காரும் இடத்தில் ஒரு நைலான் புஷ் இருக்க வேண்டும். அங்கே பழுப்பு நிறத் தூள்தான் ஒட்டியிருந்தது. நாற்பது வருட வெப்பமும் கசிந்த எண்ணெயும் அதைத் தின்றுவிட்டன. மேலே கியர் முழுத் தூரம் போகிறது; கம்பி தளர்ந்த துளைக்குள் ஆடிவிட்டு, நெம்புகோலைப் பாதித் தூரமே தள்ளுகிறது.

பிறகு அவர் கம்பியைக் கழற்றிவிட்டு நெம்புகோலைக் கையாலேயே நகர்த்தச் சொன்னார். பி, ஆர், என், டி, 3, 2. ஆறு இடத்திலும் 'கடக்' என்று பதிந்தது. "பாக்ஸ் நல்லா இருக்கு. வெளியில்தான் கோளாறு" என்றார். பழைய ஆட்டோ கார் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு சோதனையை மறக்கக் கூடாது. கம்பியைக் கழற்றிய பிறகும் இடம் பதியவில்லை என்றால்தான் பாக்ஸைச் சந்தேகிக்க வேண்டும்.

மற்றக் கோளாறுகளுக்கும் அங்கேயே விடை கிடைத்தது. 'பி'யிலோ 'என்'னிலோ இருந்தால்தான் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச் அந்த நெம்புகோலை ஒட்டியே இருக்கிறது. ரிவர்ஸ் விளக்கும் அதே சுவிட்சில்தான். நெம்புகோல் 'பி'யை எட்டாமல் 'பி'க்கும் ரிவர்ஸான 'ஆரு'க்கும் நடுவே நின்றதால் சாவிக்குப் பதில் வரவில்லை. 'பி' என்பது பாக்ஸுக்குள் ஒரு இரும்புக் கொக்கி பல்சக்கரத்தில் விழுந்து பூட்டிக்கொள்வது. அது விழவில்லை. 'ஆரி'ல் இருந்திருந்தாலும் பயனில்லை. இன்ஜின் நின்றால் எண்ணெய் அழுத்தம் போய்விடும், சக்கரம் தடையின்றி உருளும்.

கோளாறு தெரிந்துவிட்டது. ஆனால் ஒரு கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது. 'பி'யைச் சற்றே எட்டாமல் போனால் ஏன் 'ஆர்' காத்திருக்கிறது? நிறுத்துவதையும் பின்னால் போவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது யார்?

தேடிப் போனபோது முதலில் கண்டது, ஆரம்பத்தில் 'பி'யே கிடையாது என்பது. பெருமளவில் விற்ற முதல் முழு ஆட்டோ கியர், ஜெனரல் மோட்டார்ஸ் 1940-ஆம் வருட ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் பொருத்திய ஹைட்ராமாட்டிக். அதில் இன்ஜினை அணைத்து 'ஆரி'ல் வைத்தால் உள்ளே ஒரு கொக்கி விழுந்து கார் பூட்டிக்கொள்ளும். நிறுத்துவதும் பின்னால் போவதும் அங்கே ஒரே இடம். இதைப் படித்தபோது என் கேள்வியின் வேரையே தொட்டதுபோல் இருந்தது.

1948-ல் வந்த பியூக் டைனாஃப்ளோவில் 'பி' தனியாகப் பிரிந்தது. ஆனால் வரிசை பி, என், டி, எல், ஆர். அதாவது 'ஆர்' மறு கோடியில், முன்னால் இழுக்கும் 'எல்'லுக்கு ஒட்டினாற்போல். சேற்றிலோ பனியிலோ சக்கரம் மாட்டினால் முன்னும் பின்னும் அசைத்து எடுக்க அது வசதி என்றார்கள். ஆனால் 'எல்' போட நினைத்து 'ஆர்' போட்டவர்கள் உண்டு. ஃபோர்டு 1951-ல் தன் ஃபோர்டோமாட்டிக்கில் இன்று நாம் பார்க்கும் வரிசையைக் கொண்டுவந்தது: பி, ஆர், என், டி, எல். கிரைஸ்லரோ 1956 முதல் 1964 வரை பட்டன்களை வைத்தது. ஒரு காரில் பழகிய கை இன்னொரு காரில் தடுமாறியது. 1965-ல் அமெரிக்க வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் கார் பாதுகாப்பு பற்றிய தன் புத்தகத்தில் இந்தக் குழப்பத்தையும் அதன் விபத்துகளையும் விரிவாக எழுதினார்.

அமெரிக்க அரசின் பாதுகாப்பு விதி எண் 102 நடைமுறைக்கு வந்தது 1968 ஜனவரி 1-ல். முன்னால் போவதற்கும் பின்னால் போவதற்கும் நடுவே 'என்' இருந்தாக வேண்டும். 'பி' இருந்தால் அது கடைக்கோடியில், 'ஆரு'க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஃபோர்டு கொண்டுவந்த வரிசையைக் கட்டாயமாக்கியது ஆள் யாரும் இல்லை, ஒரு விதிதான். கை தவறி முன்னுக்குப் பதில் பின்னால் போவதை அது தடுத்தது. அந்த வகையில் நல்ல விதி என்றே நினைக்கிறேன்.

ஆனால் 'பி'க்கும் 'ஆரு'க்கும் நடுவே உள்ள இடைவெளியை அது கவனிக்கவில்லை. 'பி'யில் விட்டுவிட்டோம் என்று நம்பி இறங்கியவர்களின் ஃபோர்டு கார்கள் பின்னால் வந்து ஆளைச் சாய்த்தன என்ற புகார்கள் 1970-களில் குவிந்தன. 1980 டிசம்பரில் ஃபோர்டுக்கும் அமெரிக்க அரசுக்கும் ஒரு உடன்பாடு ஏற்பட்டது. சுமார் 2.3 கோடி வாகன உரிமையாளர்களுக்கு எச்சரிக்கை ஸ்டிக்கர் அனுப்புவது என்று முடிவானது. கார்களைத் திருப்பி அழைத்துச் சரிசெய்யவில்லை. அது போதாத தீர்வு. வாசலில் நின்ற குழந்தையை நினைத்துக்கொண்டு படித்த எனக்கு அந்த வரியில் கோபம் வந்தது.

மறு வாரம் புது புஷ் வந்தது. விலை சில வெள்ளிதான். பெரியவர் அதை வெந்நீரில் போட்டு இளக்கி, சின்ன ஸ்க்ரூ வைஸால் அழுத்தித் துளைக்குள் உட்காரவைத்தார். மேலே கியரும் கீழே நெம்புகோலும் 'என்'னில் இருக்கும்படி கம்பியின் நீளத்தைச் சரிசெய்தார். கியர் தன் தடுப்பில் உரசாமல் ஒரு மில்லிமீட்டர் இடம் விட்டு நட்டை இறுக்கினார். 'பி'யில் சாவியைத் திருகினேன். ஒரே திருகில் ஸ்டார்ட் ஆனது.

உங்கள் வீட்டிலும் பழைய ஆட்டோ கார் இருந்தால், 'பி'யில் ஸ்டார்ட் ஆகாமல் 'என்'னில் மட்டும் ஆகிறதா என்று பாருங்கள். ஆகிறதென்றால் நாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள். சரிவில் நிறுத்தும்போது, காலை பிரேக்கிலிருந்து எடுக்கும் முன்பே பார்க்கிங் பிரேக்கைப் போட்டுவிடுங்கள். அதன் பிறகு 'பி' போடுங்கள்.