குண்டுமணி

"குண்டுமணித் தங்கம்கூட இல்லை" என்று அலுத்துக்கொள்ளாத தங்கமணி உண்டா? (ரங்கமணிகள் அமைதி காக்கவும்.) அந்தக் குண்டுமணி, அதாங்க குன்றிமணி, அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

இங்கே புனேயில் இதைக் குஞ்ச் என்கிறார்கள். இந்திக்காரர்களுக்கு ரத்தி. அந்தக் காலத்தில் பொன் நிறுத்த எடையே இதுதான். ஒரு ரத்தி ஏறக்குறைய 0.12 கிராம்.

போன வருடம் சதுர்த்திக்கு வந்த அம்மாவின் சுருக்குப்பையில் ஒரு கை குண்டுமணி. பிள்ளையாருக்குக் கண் வைக்க. வீட்டிலோ கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகிற இரண்டு வயசு வாண்டு.

"விஷம்மா அது" என்றேன்.

"நாங்க இதை வச்சு பல்லாங்குழியே ஆடியிருக்கோம். யாருக்கு என்ன ஆச்சு?"

அம்மா சொல்வதிலும் நியாயம் உண்டு. தோல் அவ்வளவு கெட்டி. முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். கடித்து மென்றால்தான் ஆபத்து. உள்ளே இருக்கும் ஆப்ரின், உடம்பின் செல்கள் புரதம் தயாரிப்பதையே நிறுத்திவிடும். மாற்று மருந்து கிடையாது. வாந்தியும் பேதியும் தொடங்கவே பல மணி நேரம் ஆகலாம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும். பிள்ளை விளையாடிக்கொண்டுதானே இருக்கிறது என்று நாம் சும்மா இருந்துவிடுவோம். அதுதான் எனக்குப் பயம். வாயில் போட்டது தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி, மிச்ச விதையையும் கையோடு எடுத்துக்கொண்டு.

ஓட்டை போட்டுக் கோத்த மாலை இன்னும் மோசம். தோல் ஏற்கெனவே உடைந்திருக்கிறதே! இங்கிலாந்தின் ஈடன் புராஜெக்ட் தோட்டத்தில் விற்ற குண்டுமணிக் கைவளையங்களை 2011ல் திரும்பப் பெற்றார்கள்.

குருவாயூரில் குழந்தைகள் உருளியில் அள்ளி விளையாடுவது இதுவல்ல. அது மஞ்சாடி; முழுச் சிவப்பு, கறுப்பு மூக்கு இருக்காது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கடைசியில் அம்மாவே ஒரு வழி செய்தார். இரண்டு மணியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை எண்ணினார். இருபத்து மூன்று. டப்பாவில் போட்டுப் பரண்மேல் ஏற்றியாயிற்று. ஷாடு மண்ணில் அவரே பிடித்த பிள்ளையார் அந்த வருடம் ஃபிரிட்ஜ் தலையில் உட்கார்ந்தார். கரைக்கும் முன் கண் இரண்டையும் பிடுங்கி டப்பாவில் போட்டு மறுபடி எண்ணினோம். இருபத்தைந்து.